கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்

தம்பி 'ஷாபு' என்ற போதைப்பொருளை (மெத்தம்ஃபெட்டமின்) எடுக்கிறான் என்பதை மேசை விசிறிதான் காட்டிக்கொடுத்தது. நான்கு நாள் தூங்காமல் அதைக் கழற்றி, திருகாணிகளைச் சிறிதும் பெரிதுமாகத் தரையில் வரிசை கட்டியிருந்தான். ஜன்னல் இடுக்கெல்லாம் செய்தித்தாள். "வெளியே நின்று என்னைப் பற்றிப் பேசுகிறார்கள் அக்கா, கேட்கவில்லையா?" என்றான். பினாங்கு ஜெலுத்தோங்கில் நாங்கள் இருப்பது பதினோராவது மாடி.

மெத்தடோன் கொடுப்பார்கள் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை நம்பி, அம்மாவும் நானும் ஃபெர்ரி ஏறிப் பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். அது ஹெராயின் பழக்கத்துக்கான மருந்து, ஷாபுவுக்கு உதவாது. முகப்பில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆள் எங்கே? 23 வயது என்றால் அவரே வர வேண்டும்" என்றார். எனக்கு ஒரு நாள் சம்பளம் போனது.

அடுத்த வாரம் கெஞ்சிக் கூத்தாடி அவனையே மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். வேறொரு டாக்டர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதம் இல்லையாம், திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் காவலாளியின் சீருடையைப் பார்த்து மிரண்டவன் படியிறங்கி ஓடிவிட்டான். கார் நிறுத்துமிடத்தில் அவனைத் தேடி நான் அழுத அழுகை இன்னும் நெஞ்சில் நிற்கிறது. ஒரு தாள்! அதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

அன்று இரவே நெஞ்சு படபடக்கிறது என்றான். சட்டை நனைந்திருந்தது. அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். அங்கே கடிதம் கேட்கவில்லை, அடையாள அட்டை போதும். இரத்த அழுத்தம் எகிறியிருந்தது. இந்த வயதிலும் பக்கவாதம் வரலாம் என்றார் டாக்டர். "எப்போது எடுத்தாய் தம்பி?" என்று அவர் தணிவாகக் கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். எங்களிடம் ஒரு வார்த்தை பேசாதவன்!

வார்டு, மருந்து எல்லாம் தடையில்லாமல் நடந்தன.

இந்த நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: காதில் குரல் கேட்கிறது, மார்பு வலிக்கிறது என்றால் கடிதத்துக்காக அலையாதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கடைசியாக எப்போது எடுத்தார், எத்தனை நாள் தூங்கவில்லை என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். நிறுத்தியதும் நாள்கணக்கில் தூங்குவார்கள், அகோரமாகச் சாப்பிடுவார்கள். தேறிவிட்டான் என்று நாங்களும் நம்பினோம். அதற்குப் பிறகுதான் மனம் இருண்டது, சாகப் போகிறேன் என்றான். இரண்டு வாரம் அம்மா அவன் அறை வாசலிலேயே படுத்தார். அந்த நாட்களில் தனியே விடாதீர்கள்.

அடுத்த சந்திப்பு வியாழக்கிழமை காலை 8 மணிக்கு. கடிதத்தை மூன்று நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.