கால் ஆறப் போன இடம் நல்லூர்

வவுனியாவிலிருந்து நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்கு நடந்து வருகிறேன் என்று நேர்ந்தது அம்மா. நடந்தது நான். தங்கச்சியின் பிள்ளை குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது வைத்த நேர்த்தி அது. பிள்ளை இப்போது வளவெல்லாம் ஓடித் திரிகிறது. அம்மாவின் முழங்கால்தான் படி இறங்கவும் விடுவதில்லை. "உன்ர கால் என்ர கால்தானே, நாகபூசணி கணக்குப் பார்க்க மாட்டா" என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்.

ஆனித் திருவிழா நேரம். சித்தப்பா தலைமையில் ஊர் ஆக்கள் கொஞ்சப் பேர், செருப்பில்லாத கால்கள். யாழ்ப்பாணம் வரைக்கும் ஏ9 வீதி ஏறக்குறைய 140 கிலோமீற்றர். விடியப்புறம் எழும்பி, தார் சூடேற முன்னம் எவ்வளவு தூரம் நடக்கலாமோ அவ்வளவும் நடந்து, மத்தியானம் ஏதாவது கோயில் மடத்தில் சரிவது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்து, கச்சான் வாங்கி மடியில் கட்டிக்கொண்டபோது எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. ஆனையிறவில்தான் கஷ்டம் பிடித்தது. இரண்டு பக்கமும் கடல்நீர், உப்பளம். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. சோளகக் காற்று பக்கவாட்டில் அடித்து மண்ணை வாரிக் கண்ணில் போடுகிறது. அந்த வெளியில்தான் இடது குதிக்கால் கொப்புளம் உடைந்தது. உடைந்த இடத்தில் தார் படும்போது வருகிற எரிச்சலை எழுதிக் காட்ட முடியாது. பளை, கொடிகாமம், சாவகச்சேரி எல்லாம் விரலில் நடந்தேன். நாவற்குழிப் பாலம் தாண்டும்போது சித்தப்பா திரும்பி என் காலைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

நல்லூரில் முத்திரைச் சந்திக்குக் கிட்ட, சின்னம்மா வீட்டுத் திண்ணையில் போய் விழுந்த பிறகுதான் வாய் திறந்தார். "நாளைக்கு ஒருத்தரும் நடக்கிறேல்லை."

எனக்குக் கோபம். நயினாதீவுக்குப் படகு ஏறுகிற குறிகட்டுவானுக்கு இன்னும் 30 கிலோமீற்றருக்கு மேல் கிடக்கிறது. இந்த வேகத்திலேயே போனால் போய்விடலாம், உடம்பு ஆறிவிட்டால் பிறகு எழும்பாது என்று வாதாடினேன். சின்னம்மா வாளியில் சுடுதண்ணீரும் உப்பும் போட்டு என் காலைத் தூக்கி உள்ளே வைத்தார். வாதம் அத்தோடு முடிந்தது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. காலையில் எல்லோரும் உடுப்புத் தோய்த்தார்கள், பிறகு படுத்தார்கள். சின்னம்மா நல்லெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசி, பழைய வேட்டிக் கரையைக் கிழித்துக் கட்டிவிட்டார். மத்தியானம் முருங்கைக்காய்க் கறியும் பருப்பும் சோறும். முடிய ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழம். கொட்டையைச் சூப்பிக்கொண்டு இருக்கும்போது கோயில் மணி கேட்டது. "முருகன்ர வாசலில வந்து படுத்திட்டு அவனைப் பார்க்காமல் போறியோ?" என்று சின்னம்மா கேட்டார். நல்லூருக்கு என்னிடம் ஒரு நேர்த்தியும் இல்லை. கேட்க வேண்டியதையெல்லாம் அம்மாளாச்சிக்கென்று கட்டி வைத்திருந்தேன். சரி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவோம் என்றுதான் நொண்டிக்கொண்டு கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை நல்லூரில் கால் வைக்க இடமிராது. ஒழுங்கை முனையிலேயே ஓட்டோக்காரர்கள் "குறிகட்டுவானுக்கு விடட்டோ அக்கா, கால் ஏலாமல் நிக்கிறியள்" என்று மறித்தார்கள். கட்டுப் போட்ட காலைக் கண்டால் விடுவார்களா! உள்ளே அர்ச்சனைச் சீட்டு இந்தக் காலத்திலும் ஒரு ரூபாய்தான். வெளியே தட்டு விற்கிறவர்களுக்கு அந்தக் கதை தெரியாது போல. தட்டு இல்லாமல் போனால் வந்த காரியம் சரிவராது என்று ஒருவர் என்னைப் பயமுறுத்தவும் பார்த்தார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாசலை அடைத்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் எடுத்து முடிக்கும்வரை எங்கள் எல்லோருக்கும் முருகன் காத்திருக்க வேண்டும்! நல்லூரில் பூசை ஒருவருக்காகவும் ஒரு நிமிஷம் பிந்தாது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லவில்லையோ தெரியாது.

எப்படியோ உள்ளே போய்ச் சேர்ந்தேன். ஒரு தூணோடு சாய்ந்து, கட்டுப் போட்ட காலை மற்றக் காலின் மேல் ஏற்றி வைத்துக்கொண்டு நின்றேன். திரை போட்டிருந்தது. மனம் ஒரே வெறுமை. என்ன கேட்பது என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை. குழந்தைக்குக் கேட்டாயிற்று, அம்மாவின் காலுக்கும் கேட்டாயிற்று, எல்லாம் நயினாதீவுக் கணக்கில். இவனிடம் எதைக் கொண்டு வந்தேன்? மணி அடித்தது, மேளம் எழும்பியது, திரை விலகியது. அதே நேரம் பின்னால் நின்ற கூட்டம் ஒரு நெருக்கு நெருக்க, யாரோ பாரமான ஒருவர் என் குதிக்காலில் ஏறி நின்றார்.

"முருகா!"

சத்தியமாக அது பக்தியில்லை. நோவு. கண் இருண்டு, பல்லைக் கடித்து, அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம். ஆனால் அதைக் கேட்ட மாத்திரத்தில் முன்னுக்கு நின்ற ஒரு ஐயா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி "அரோகரா" என்றார். பிறகு பக்கத்தில் ஒருவர். பிறகு மண்டபம் முழுக்க அரோகரா. நான் கண்ணைத் திறக்கிறேன், தீபம் ஏறி இறங்குகிறது, அந்த வெளிச்சத்தில் வேல். பக்கத்தில் நின்ற ஒரு ஆச்சி என் காலைக் கண்டுவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. தன் இரண்டு காலையும் என் காலுக்கு அணையாக அகட்டி வைத்து, முழங்கையால் பின்னால் தள்ளினவர்களைத் தள்ளி, "பார் பிள்ளை, நல்லாப் பார், நான் நிக்கிறன்" என்றார்.

பார்த்தேன். கண்ணீர் நோவுக்கு வந்ததோ வேறு எதற்கு வந்ததோ, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கேட்க ஒன்றும் இல்லாமல் வந்தவளைக் கூப்பிட வைத்துவிட்டான் அப்பன். அவ்வளவு தூரம் நடந்ததில் ஒரு நாளாவது அப்படி வாய்விட்டுக் கூப்பிட்டேனா? தேவாரம் பாடினேன், நாமம் சொன்னேன், எல்லாம் அளவாக, மூச்சுக்கு ஏற்றபடி. முருகா, முருகா, முருகா! விபூதி வாங்கக் கையை நீட்டினபோது கை நடுங்கியது. ஆச்சியைத் திரும்பிப் பார்த்தேன், கூட்டத்தில் காணவில்லை.

வெளியே வந்து தேரடியில் இருந்தேன். யாழ்ப்பாணத்துச் சித்தர் செல்லப்பா சுவாமி பித்தர் போலத் திரிந்த இடம். யோகர் சுவாமி அவரிடம் சீடராக வந்து சேர்ந்ததும் இங்கேதான். 1910இல் யோகர் சுவாமி தெற்கே கிடக்கிற கதிர்காமத்துக்கு நடந்தே போனவர். அந்தத் தூரத்துக்கு முன்னால் என் நடை எந்த மூலைக்கு? ஆனாலும் அவர் காலிலும் கொப்புளம் போட்டிருக்கும்தானே என்று நினைத்தேன். ஒரு பொல்லாப்பும் இல்லை என்று செல்லப்பா சுவாமி சொன்னதை அம்மம்மா எடுத்ததற்கெல்லாம் சொல்லுவார். பால் பொங்கி வழிந்தாலும் சொல்லுவார். அன்று இரவு சின்னம்மா கட்டை அவிழ்த்து, "மிதிச்சவன் நல்லா மிதிச்சிருக்கிறான்" என்றபோது எனக்கு அதுதான் வாயில் வந்தது.

மற்றநாள் விடியப்புறம் பண்ணைப் பாலத்தில் காற்று எங்களைக் கடலுக்குள் தள்ளப் பார்த்தது. வேலணை, புங்குடுதீவு, பிறகு குறிகட்டுவானில் படகு. தங்கச்சி பிள்ளையோடு பஸ்ஸில் வந்து அங்கே நின்றாள். அம்மாளாச்சி சந்நிதியில் பிள்ளையை நிலத்தில் விட்டோம். அது மணியை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. அம்மா சொல்லிவிட்டபடி எல்லாம் செய்து முடித்தோம். தாயே, உனக்கு என்ன கைமாறு!

இறங்குதுறையில் நின்று அம்மாவுக்கு அழைத்தேன். நேர்த்தி முடிந்தது என்று சொல்ல அழுதார். பிறகு நல்லூரில் என்ன கேட்டாய் என்று விசாரித்தார்.

"ஒண்டும் கேக்கேல்லை அம்மா."

"பரவாயில்லை, நான் கேட்டிட்டன். உன்ர கால் ஆறினால் இந்த வருசத் திருவிழாவில நல்லூரானுக்கு வீதி சுற்றி விழுந்து விழுந்து கும்பிட்டு அடியழிக்கிறதெண்டு நேர்ந்திருக்கிறன்."

"ஆர் அடியழிக்கிறது?"

"ஏன், நீதான்."