முதல் பங்களிப்புக்கு ஒரு சொல் போதும்

யாரும் மூலநிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருளுக்கு எப்படிப் பங்களிக்கத் தொடங்குவது என்று கேட்கும் மாணவர்களிடம், நிரல் எழுதும் கவலையைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளின் தமிழ் இடைமுகத்தில் ஒரு வாரம் வேலை செய்து பாருங்கள் என்றுதான் நான் சொல்வது வழக்கம். உறுத்துகிற இடம் ஒன்றாவது கண்ணில் படும்.

எனக்கு உறுத்தியது, வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் ஒரு சாளரம். '40 ஜிபி இலவசம்' என்றது அது. 'ஃப்ரீ' என்ற சொல் எங்கே வருகிறது என்று தெரியாமல் யாரோ மொழிபெயர்த்திருக்க வேண்டும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மொழிபெயர்ப்பவர் முன் இருப்பது பெரும்பாலும் சாளரமல்ல, வெறும் தொடர்களின் பட்டியல். 'ஓப்பன்' என்று தனித்து நிற்கும் சொல்லுக்குத் 'திற' என்று எழுதுவதா, 'திறந்துள்ளது' என்று எழுதுவதா? குனு கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவியின் முறையில், மூலத் தொடரையும் அதன் மொழிபெயர்ப்பையும் சேர்த்து வைத்திருக்கும் பிஓ கோப்புகளில், அத்தொடர் மூலநிரலின் எந்தக் கோப்பில் எந்த வரியில் வருகிறது என்ற குறிப்பு வழக்கமாக இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அந்த வரியைத் தேடிப் படிப்பது, பின்னர் நிரல் பக்கம் போக நினைப்பவர்களுக்கும் நல்ல வழி.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்குப் பான்டூன், லிப்ரெஆஃபிஸ் அலுவலகத் தொகுப்புக்கு வெப்லேட் என மொழிபெயர்ப்புக்கான இணையத் தளங்கள் இருப்பதால், நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியைக் கற்ற பிறகுதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. பான்டூனில் புதியவர் எழுதுவது பரிந்துரையாகவே பதிவாகும். உரிமை பெற்ற ஒருவர் பார்த்து ஏற்ற பின்னரே மென்பொருளுக்குள் செல்லும். ஆகவே பிழை செய்துவிடுவோமோ என்று தயங்க வேண்டாம்.

தமிழில் மிகுந்த கவனம் கேட்பது வேற்றுமை உருபு. கோப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில் % குறியுடன் ஓர் இடங்காட்டி நிற்கும். அதன் பின்னால் 'ஐ' என்று ஒட்டிவிட்டால், திரையில் 'கடிதம்ஐ நீக்கவா?' என்று தெரியும். அதைக் 'கடிதத்தை' என்று திரித்துக்கொள்ளக் கணினிக்குத் தெரியாது. 'கடிதம் என்ற கோப்பை நீக்கவா?' என்று அமைத்தால், எந்தப் பெயர் வந்தாலும் உருபைக் 'கோப்பு' தாங்கிக்கொள்ளும். ஒரே தொடரில் இரண்டு இடங்காட்டிகள் வந்து, தமிழ்ச் சொல்லொழுங்குக்காக அவற்றை முன்பின்னாக மாற்ற நேர்ந்தால், வரிசை எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். இல்லையேல் கோப்பின் பெயரும் கோப்புறையின் பெயரும் இடம் மாறித் தோன்றும்.

இயந்திர மொழிபெயர்ப்பை நூற்றுக்கணக்கில் ஒட்டி அனுப்பாதீர்கள். ஓய்வு நேரத்தில் அமர்ந்து சரிபார்க்கும் தன்னார்வலருக்கு அது பெரும் சுமை. பத்துத் தொடர்களை அனுப்பி, வரும் மறுமொழிக்குக் காத்திருங்கள். நான் 'காலி' என்று பரிந்துரைத்தபோது, மற்ற சாளரங்களில் 'மீதமுள்ளது' என்றே இருப்பதைச் சரிபார்த்தவர் சுட்டிக்காட்டினார். ஏற்கெனவே என்ன வழங்குகிறது என்று நான் தேடிப் பார்த்திருக்க வேண்டும். திருத்தி அனுப்பினேன். சில மாதங்கள் கழித்துப் புதிய பதிப்பை நிறுவி அதே சாளரத்தைத் திறந்தபோது, '31 ஜிபி மீதமுள்ளது' என்று இருந்தது.