டெலோப்பியா மேட்டில் ஒரு வாடகை வீடு

சிட்னிக்கு வரும் தமிழ்க் குடும்பத்துக்கு வீடு எங்கே பார்ப்பது என்று யாரும் யோசிக்கவே விடமாட்டார்கள். மேற்கு ரயில் பாதையில் வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி என்று வரிசையாக மூன்று ஊர்கள் இருக்கின்றன. இட்லி மாவு, முருங்கைக்கீரை, பிள்ளைகளுக்குப் பாட்டு டீச்சர், தமிழ் பேசும் டாக்டர் எல்லாம் அங்கேயே கிடைத்துவிடும். கணவரின் அண்ணன் குடும்பமும் டூங்காபியில்தான் இருக்கிறது. நாங்கள் டெலோப்பியாவில் வீடு எடுத்திருக்கிறோம் என்று சொன்னதும் அக்கா, அதாவது என் ஓரகத்தி, "அது எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். சிட்னியில் அத்தனை வருடம் இருந்தவருக்கே அந்த ஊர் தெரியவில்லை.

அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், எங்களிடம் கார் இல்லை.

வந்த புதிதில் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தோம். அக்கா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. என் சங்கடமே அதுதான். வங்கிக்கும் மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கும் நேர்முகத் தேர்வுக்கும் அவர்தான் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு கூட்டிப் போனார். முன் சீட்டில் உட்கார்ந்து, "இங்க இறக்கி விட்டுடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று நான் சொல்ல, "எதுக்கு, நான் வெயிட் பண்றேன்" என்று அவர் சொல்ல, ஊரில் வேலை பார்த்துச் சம்பாதித்துக்கொண்டிருந்த நான் இருபத்தெட்டு வயதில் மறுபடியும் பள்ளிக்கூடப் பிள்ளை ஆனேன். திருச்சியில் ஸ்கூட்டி ஓட்டியவள்தான். நிரந்தரக் குடியிருப்பு விசாவில் வந்தவர்கள் இந்திய உரிமத்தை வைத்துக்கொண்டு இங்கே மூன்று மாதம்தான் ஓட்டலாம். அதற்குள் எழுத்துத் தேர்வு, வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வு இரண்டிலும் தேறி நியூ சவுத் வேல்ஸ் உரிமம் வாங்க வேண்டும். கார் விலை, இன்ஷூரன்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், பயிற்சிக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, கார் இல்லாமல் வாழ முடிகிற இடத்தை முதலில் தேடுவோம் என்று முடிவு செய்தோம். எனக்கு வேலை கிடைத்தது வெஸ்ட்மீட் மருத்துவ வளாகத்தில், ஓர் ஆய்வகத்தில். அங்கிருந்து ட்ராம் எங்கெல்லாம் போகிறது என்று பார்த்தால் கடைசிக்கு ஒரு ஸ்டாப் முன்னால் டெலோப்பியா இருந்தது. வாடகையும் வெஸ்ட்மீடைவிடக் கொஞ்சம் தணிவு.

வீடு பிடிக்கும் படலத்தை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சனிக்கிழமை காலையில் பதினைந்து நிமிடம் வீட்டைத் திறந்து வைப்பார்கள், வாசலில் வரிசை நிற்கும். உள்ளூரில் முன்பு வாடகைக்கு இருந்த சரித்திரம் கேட்பார்கள், புதிதாக வந்தவர்களிடம் அது இருக்காது. வேலை நியமனக் கடிதமும் வங்கிக் கணக்கும் காட்டித்தான் எங்களுக்குக் கிடைத்தது. பாண்ட் என்னும் முன்பணம் நான்கு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதுவும் வீட்டுக்காரர் கையில் இருக்காது, அரசு அமைப்பிடம் இருக்கும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்து, அதைத் திரும்ப வாங்க நடையாய் நடந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இந்த ட்ராம் பாதை புதிது மாதிரித் தெரியும், பாதி பழசு. கார்லிங்ஃபோர்டுக்கு ரயில் வந்தது 1896-இல். பழத்தோட்டக் காலத்தில் போட்ட ஒற்றைத் தண்டவாளம், கிளைட் ஸ்டேஷனிலிருந்து பிரிந்து வரும். ரயில் அபூர்வமாகத்தான் வரும், ஒன்றைத் தவறவிட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று எங்கள் தெருவின் பழைய ஆட்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். 2020 ஜனவரியில் அதை மூடிவிட்டு, அதே பாதையில் இரட்டைத் தண்டவாளம் போட்டு, பரமட்டா நகரத்தின் நடுவே வெஸ்ட்மீட் வரை நீட்டினார்கள். ட்ராம் ஓட ஆரம்பித்தது 2024 டிசம்பர் 20-ஆம் தேதி. வெஸ்ட்மீடுக்கும் கார்லிங்ஃபோர்டுக்கும் நடுவே 12 கிலோமீட்டர், 16 நிறுத்தங்கள். இடைப்பட்ட ஐந்து வருடம் இந்தப் பக்கத்து ஜனங்கள் பஸ்ஸில்தான் போய் வந்தார்கள். பரமட்டாவின் சர்ச் ஸ்ட்ரீட் உணவகக்காரர்கள் வேலித் தகரத்துக்குப் பின்னால் கடை நடத்தினார்கள். அந்தக் கஷ்டம் எதுவும் படாமல், எல்லாம் முடிந்து பளபளவென்று இருந்தபோது வந்து ஏறிக்கொண்டவர்கள் நாங்கள்.

காலையில் டெலோப்பியா ஸ்டாப்பில் நிற்பவர்களை வைத்தே அவர்கள் எங்கே இறங்குவார்கள் என்று சொல்லிவிடலாம். ஸ்க்ரப்ஸ் உடுப்போடு நிற்பவர்கள் என்னைப் போல வெஸ்ட்மீட் ஹாஸ்பிட்டல். ப்ராமில் குழந்தையும் கையில் தடித்த ஃபைலும் வைத்திருப்பவர்கள் அதற்கு முந்தைய ஸ்டாப், குழந்தைகள் மருத்துவமனை. முதுகுப்பை மாணவர்கள் சீக்கிரமே யல்லமுண்டியில், மேற்கு சிட்னிப் பல்கலைக்கழகத்துக்கு இறங்கிவிடுவார்கள். நடத்துநர் கிடையாது. பிளாட்பாரத்தில் இருக்கும் கம்பத்தில் ஓப்பல் என்னும் பயண அட்டையையோ வங்கி அட்டையையோ தட்டிவிட்டு ஏற வேண்டும், இறங்கியதும் மறுபடி தட்ட வேண்டும். பகலில் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒன்று வந்துவிடுவதால் நேர அட்டவணையை நான் பார்த்ததே இல்லை.

வண்டி 45 மீட்டர் நீளம். டண்டஸ், ரோஸ்ஹில் பக்கம் பழைய ரயில் பாதை என்பதால் நன்றாகவே ஓடும். நகரத்துக்குள் நுழைந்ததும் மாட்டு வண்டி வேகம்தான். அதுவும் சர்ச் ஸ்ட்ரீட்டில், இரண்டு பக்கமும் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, குறுக்கே யாராவது போனைப் பார்த்துக்கொண்டே நடக்க, டிரைவர் மணியைத் தட்டித் தட்டி நகர்த்துவார். அங்கே தலைக்கு மேலே மின்கம்பியும் இல்லை, வண்டியிலேயே சேமித்து வைத்த மின்சாரத்தில் போகிறது. அப்படியே 1839-இல் கட்டி முடித்த லெனாக்ஸ் கல்பாலத்தின் மேல் பரமட்டா ஆற்றைத் தாண்டும். அவசரக்காரர்களுக்கு இந்த இடம் எரிச்சலைத் தரும், என் கணவர் உட்பட. எனக்கு ஊரைச் சொல்லிக் கொடுத்ததே இந்த மெதுவான பகுதிதான். நூலகம் எங்கே, தையற்கடை எங்கே, எந்தக் கடையில் வாழையிலை தொங்குகிறது என்பதெல்லாம் ஜன்னல் வழியே பார்த்துத் தெரிந்துகொண்டேன். அக்காவின் காரில் எத்தனையோ முறை பரமட்டா வந்திருக்கிறேன். மாலின் பார்க்கிங்கைத் தவிர எதுவும் நினைவில் இல்லை.

அம்மா வந்தபோதுதான் இந்தப் பாதையின் அருமை முழுதாகத் தெரிந்தது. பார்வையாளர் விசாவில் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் பலர் இங்கே வீட்டுச் சிறையில்தான் இருக்கிறார்கள். எல்லோரும் வேலைக்குப் போன பிறகு டிவி, போன், சமையல். சனிக்கிழமை ஒரு நாள் காரில் ஊர்வலம். அம்மாவுக்கு அப்படி ஆகக் கூடாது என்று முதல் வாரமே அவர் பெயரில் ஓர் ஓப்பல் அட்டை வாங்கினேன். முதியோர் சலுகைக் கட்டணம் இங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் என்பதால் முழுக் கட்டணம்தான். அம்மாவின் அப்பா வேலை தேடிப் போய் மெட்ராஸில் இருந்தவர், 1953-இல் நின்றுபோன சென்னை ட்ராமில் போய் வந்தவர். "உங்க தாத்தா கதை கதையா சொல்வாரே, அந்த ட்ராமா இது? சத்தமே காணோமே" என்று முதல் நாள் ஏமாந்து போனார்.

கொஞ்ச நாளில் அவரே கிளம்பினார். மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கு வெஸ்ட்மீடில் இறங்கி, ரயில் நிலையத்தின் மறுபக்கம் வந்து, ஹாக்ஸ்பரி ரோட்டில் தெற்கே நடக்க வேண்டும். அம்மாவுக்கு அது ஒரு நடையே இல்லை. அங்கே இரண்டு யாழ்ப்பாணத்து அம்மாக்கள் சிநேகிதமானார்கள். செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு முன்னால் அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார். "ராபின் தாமஸ் ஸ்டாப்புல எறங்கி நடந்தா ஹாரிஸ் பார்க் வருது, அங்க கறிவேப்பிலை நல்லாருக்கு" என்று எனக்கே ஒரு நாள் தகவல் சொன்னார். ஒரு மாலையில் பெனோ ஓவல் மைதானத்தைக் காட்டி, ரிச்சி பெனோ பரமட்டாவில் வளர்ந்தவர் என்றேன். 1960-இல் மெட்ராஸ் டெஸ்டுக்கு ஆஸ்திரேலிய அணியைக் கூட்டி வந்த கேப்டன் என்று அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தப் பக்கத்திலேயே 1821-இல் கட்டிமுடித்த பெண் கைதிகளின் தொழிற்கூடம் இருக்கிறது. கப்பலேற்றி அனுப்பப்பட்ட பெண்களை அடைத்து வைத்து நூற்கவும் நெய்யவும் வைத்த இடம். அம்மா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு நெடுநேரம் கோபமாக இருந்தார்.

தமிழ்க் கடைகள் இல்லாத ஊரில் எப்படிச் சமைக்கிறாய் என்பது டூங்காபியில் எனக்கு விழும் நிரந்தரக் கேள்வி. கார்லிங்ஃபோர்டில் சீனர்களும் கொரியர்களும் நிறைய. சீனக் காய்கறிக் கடையில் பாகற்காய், பீர்க்கங்காய், நீளக் காராமணி, வெண்டைக்காய் எல்லாம் கிடைக்கும், தமிழ்க் கடையைவிடப் புதிதாகவே. உளுந்து, இட்லி அரிசி, புளி மட்டும்தான் மேற்கே போய் வாங்க வேண்டும். வெஸ்ட்மீடில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் வென்ட்வொர்த்வில், தள்ளுப் பையோடு போய் வந்துவிடுவேன்.

டெலோப்பியாவைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பெரிய குறை, ட்ராம் கார்லிங்ஃபோர்டில் முடிந்துவிடுவது. அங்கிருந்து எப்பிங் மூன்று கிலோமீட்டர் போல இருக்கும். எப்பிங்கில் மெட்ரோ உண்டு, மக்வாரி பார்க் அலுவலகங்களும் சாட்ஸ்வுடும் அந்தப் பாதையில்தான். பரமட்டாவையும் எப்பிங்கையும் ரயிலால் இணைப்பதாக அரசு முன்பு ஒரு திட்டம் போட்டது. எப்பிங்கிலிருந்து சாட்ஸ்வுட் வரை 2009-இல் திறந்தார்கள், எங்கள் பக்கத்துப் பாதி கைவிடப்பட்டது. ஆகவே மக்வாரி பார்க்கில் வேலை பார்க்கும் என் கணவர் ஒவ்வொரு காலையும் பஸ்ஸுக்கு நிற்கிறார். வேறு எந்த ஊரிலாவது இவ்வளவு செலவு செய்து தண்டவாளம் போட்டுவிட்டு மூன்று கிலோமீட்டருக்கு முன்னால் நிறுத்துவார்களா என்று அவர் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. டெலோப்பியாவின் ஒரு பெரிய பகுதி அரசு வாடகை வீடுகளாக இருந்த இடம். ட்ராம் வருகிறது என்றதுமே அவற்றை இடித்து அடுக்குமாடிகள் கட்டும் திட்டமும் சேர்ந்து வந்தது. பல காலமாக இருந்தவர்களை வேறு ஊர்களுக்கு மாற்றினார்கள். பஸ் ஸ்டாப்பில் எனக்குப் பழக்கமான ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, தன் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனதை விரலை மடக்கிச் சொல்வார். ரயில் மணிக்கணக்கில் வராத காலத்தில் இங்கே இருந்தவர்களுக்கு, நல்ல வண்டி வரும்போது இடமில்லை. புது வீடுகளில் ஒரு பங்கு அரசு வீடுகளாகவும் இருக்கும் என்கிறார்கள். கிரேன்களைப் பார்க்கும்போதெல்லாம் நாங்களும் அந்த மாற்றத்தில் ஏறி வந்தவர்கள்தானே என்று தோன்றாமல் இல்லை.

கணவர் உரிமம் வாங்கிவிட்டார், பழைய கொரோலா ஒன்றும் வாங்கியாகிவிட்டது. டூங்காபிக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போகவும், மலைப்பக்கம் போகவும் அது வசதி. இப்போது அக்காவைக் கண் ஆஸ்பத்திரிக்கு நாங்கள்தான் கூட்டிப் போகிறோம். "நீ எதுக்கும்மா காத்திருக்கணும், போ" என்று அவர் சொல்ல, இருக்கிறேன் என்று நான் சொல்ல, அந்தப் பேச்சு அப்படியே இடம் மாறிவிட்டது. வேலைக்கு நான் இன்னும் ட்ராம்தான். வளாகத்தில் பார்க்கிங் கட்டணத்தைப் பார்த்தவர்கள் காரணம் கேட்கமாட்டார்கள்.

அடுத்த மாதம் திருச்சியிலிருந்து வருகிற தோழி ஒருத்தி, எங்கே வீடு பார்க்கட்டும் என்று கேட்டிருக்கிறாள். வெஸ்ட்மீடில் வேலை என்றால் டண்டஸையும் டெலோப்பியாவையும் பார், மக்வாரி பார்க் என்றால் இந்தப் பக்கம் வரவே வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். வீடு பார்க்கப் போகும்போது ட்ராமில் வந்து இறங்கி, மளிகைப் பை ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு வாசல் வரை நடந்து பார்க்கவும் சொன்னேன். ஸ்டாப்பிலிருந்து ஐந்து நிமிடம் என்று விளம்பரத்தில் போடுகிறவர்கள் மேட்டைப் பற்றி ஒரு வார்த்தை போடுவதில்லை.