சீர்காழி குளக்கரையில எங்க சின்னவன் சொன்ன கதை

ரொம்ப நாளா பாக்கி இருந்த ஒரு வேண்டுதல் இந்த லீவுலதான் முடிஞ்சுது, அதை எழுதாம இருக்க முடியல. நீளமா போகும், பொறுத்துக்கங்க.

எங்க சின்னவனுக்கு மூணு வயசு முடிஞ்சும் பேச்சு வரல. தண்ணி வேணும்னா டம்ளரைக் கொண்டாந்து கையில குடுப்பான், வெளிய போகணும்னா என் செருப்பை எடுத்து கால்கிட்ட வைப்பான், எல்லாம் புரியும், ஆனா அம்மான்னு ஒரு சொல் வராது. பாக்குறவங்க எல்லாம் ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, அதையெல்லாம் கேட்டுட்டு நான் ராத்திரி அழுவேன். அப்ப கடலூர்லேர்ந்து வந்திருந்த எங்க அத்தை ஒரு நாள் சாயங்காலம் விளக்கேத்தி வச்சு, "சம்பந்தப் பெருமானே, நீ மூணு வயசுல தேவாரம் பாடின புள்ள, எங்க புள்ளைக்கும் வாயைத் திற, உன் கதையை உன் குளக்கரையிலயே அவன் வாயால சொல்ல வைக்கிறேன்"னு வேண்டிக்கிட்டாங்க. காசு முடிஞ்சு வைக்கல, மொட்டை வேண்டிக்கல, கதை சொல்ல வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டாங்க! எனக்கு அப்ப பகீர்னு இருந்துச்சு, ஒரு வார்த்தையே வராத புள்ள எப்படி முழுக் கதை சொல்லும்னு.

ஸ்பீச் தெரபிக்கும் விடாம போனோம், அந்த டீச்சரம்மா நல்லா இருக்கணும், தன் சொந்தப் புள்ள மாதிரி உக்கார வச்சு சொல்லிக் குடுத்தாங்க. கொஞ்சம் கொஞ்சமா வார்த்தை வந்துச்சு. இப்ப ரெண்டாங்கிளாஸ் படிக்கிறான், வாயை மூடுன்னு சொல்ற அளவுக்குப் பேசுறான், எல்லாம் அந்தப் பெருமான் கருணை.

எங்க அத்தையைப் பத்தி சொல்லணும், புள்ளைங்களுக்கு அவங்கதான் ஆயா. அவங்களுக்கு ஊரு திருப்பாதிரிப்புலியூர். பெருசா படிப்பு கிடையாது, ஆனா அறுபத்துமூணு நாயன்மாரும் அவங்களுக்கு சொந்தக்காரங்கதான், "நம்ம அப்பூதி வீட்டுல பாம்பு கடிச்சுதே"ன்னு பக்கத்துத் தெரு விஷயம் மாதிரி சொல்லுவாங்க. லீவுக்குப் போனா ராத்திரி மாடியில பாய் விரிச்சு கதைதான். பல்லவ ராஜா அப்பரைக் கல்லுல கட்டிக் கடல்ல போட்டதும், அவர் நமச்சிவாயன்னு பாட அந்தக் கல்லே மிதந்ததும் சொல்லிட்டு, மறுநாள் காலையில புள்ளைங்களை கரையேறவிட்டகுப்பத்துக்கே கூட்டிட்டுப் போய் "இங்கதாண்டா கரையேறினாரு"ன்னு காட்டுவாங்க. பெரியவ ஸ்கூல்ல மகேந்திரவர்ம பல்லவன்னு பாடத்துல படிச்ச ராஜாதான் ஆயா கதையில வர்ற அந்த ராஜான்னு தெரிஞ்ச அன்னிக்கு அவ முகத்தைப் பார்க்கணுமே! "அப்ப ஆயா சொன்னதெல்லாம் ஹிஸ்டரியா"ன்னு ஓடி வந்தா.

சரி, பயணத்துக்கு வரேன். கடலூர்லேர்ந்து காலையில கார்ல கிளம்பினோம், அத்தைக்கு முட்டி வலி, பஸ்ல ஏறி இறங்க முடியாது. சிதம்பரத்துல கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுட்டு நிக்காம போனோம், ஏன்னா சீர்காழியில மத்தியானம் நடை சாத்துறதுக்குள்ள போகணும். ரோடெல்லாம் டிராபிக், வெயில் காருக்குள்ளயே கொளுத்துது, சின்னவன் ரெண்டு தடவை வாந்தி. கொள்ளிடம் பாலம் தாண்டும்போதே மணி பதினொண்ணு ஆயிடுச்சு. அத்தை கண்ணை மூடிக்கிட்டு சீர்காழி சாமியை நினைச்சு தோணியப்பா தோணியப்பான்னு சொல்லிக்கிட்டே வர்றாங்க, எனக்கு அடிவயிறு கலங்குது.

போய் இறங்கினா லீவுக் கூட்டம். வாசல்லயே ரெண்டு பேர் வந்து பிடிச்சுக்கிட்டாங்க, "தரிசனம் நான் பார்த்துக்கிறேன்மா, வரிசையில நிக்க வேணாம், குழந்தைக்குப் பரிகாரம் இருக்கு"ன்னு. பரிகாரம்னு அவன் சொன்னதும் எனக்கு சுருக்குன்னுச்சு. குழந்தையோட வர்ற தாயைப் பார்த்து இப்படிப் பேசிக் காசு கேக்கிறாங்களே, அவங்க என்ன மனசோட வந்திருப்பாங்கன்னு நினைக்க வேணாமா? அத்தைதான் "எங்க புள்ளைக்கு ஒரு குறையும் இல்ல, தள்ளு"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு உள்ள நடந்தாங்க, முட்டி வலியெல்லாம் அப்ப எங்க போச்சோ.

பிரம்மபுரீஸ்வரர் தரிசனம் முடிச்சு, அம்பாள் திருநிலைநாயகியைக் கும்பிட்டு, பாலை நைவேத்யத்துக்குக் குடுத்துட்டு பிரம்ம தீர்த்தத்துக்கு வந்தோம். இந்தக் குளம்தான். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கும் மேல ஆச்சு, சம்பந்தர்ங்கிற அந்தப் புள்ள நின்னு அழுத கரை இது. எனக்கு அங்க வந்ததும் காலு நகரல. அத்தை மெல்ல படியில உக்காந்தாங்க, சின்னவனைப் பக்கத்துல இழுத்து "ம், சொல்லு சாமி"ன்னாங்க.

அவன் உடனே ஆரம்பிக்கல. கொஞ்ச நேரம் குளத்தையே பார்த்துக்கிட்டு நின்னான், மீன் இருக்கான்னு கேட்டான், பெரியவ "கதையைச் சொல்லுடா"ன்னு இடிச்சா. அப்புறம் ஆரம்பிச்சான் பாருங்க, அவன் சொன்ன மாதிரியே எழுதுறேன்:

"சம்பந்தருக்கு மூணு வயசு. அவங்க அப்பா பேரு சிவபாத இருதயர், அவர் குளிக்க வந்தாரு. நானும் வருவேன்னு இவரும் அழுதுகிட்டே வந்துட்டாரு. அப்பா இங்க உக்காருடான்னு கரையில விட்டுட்டு தண்ணிக்குள்ள முழுகிட்டாரு. ரொம்ப நேரம் மேல வரவே இல்ல. இவரு பார்த்தாரு, அப்பாவைக் காணோம். பயந்துட்டாரு. அதனால மேல கோயிலைப் பார்த்து அம்மே அப்பான்னு அழுதாரு."

அம்மே அப்பான்னு அவன் சொன்ன அந்த இடத்துல எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போச்சு. எந்த வார்த்தைக்காக நான் மூணு வருஷம் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேனோ, அதையே என் புள்ள அந்தக் குளக்கரையில நின்னு, குரலை ஏத்தி, நிஜமா அழற மாதிரியே கூப்பிடுறான். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்துல அப்படியேதான் பாடி வச்சிருக்காரு, தோணிச் சிகரம் பார்த்து அம்மே அப்பான்னு அழுதாருன்னு. பெத்த அப்பாவைக் காணோம்னு அழுத புள்ளைக்கு உலகத்துக்கே அம்மையப்பனா இருக்கிறவங்க வந்து நின்னாங்க. நான் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டேன், இல்லன்னா சத்தமா அழுதிருப்பேன்.

அவன் என்னைக் கவனிக்கல, அவன் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போறான். "சாமியும் அம்மனும் மாட்டு மேல வந்தாங்க. சாமி, இவனுக்குப் பால் குடுன்னாரு. அம்மன் தங்கக் கிண்ணத்துல பால் குடுத்தாங்க, கண்ணைத் துடைச்சு விட்டாங்க. அவங்க அப்பா மேல வந்து பார்த்தாரு, வாயில பால் வழியுது. யார்கிட்டடா வாங்கிக் குடிச்சேன்னு குச்சி எடுத்து மிரட்டினாரு." அப்ப ஒரு காலை லேசா தூக்கிக்கிட்டு, வலது கை விரலை ஆகாசத்துல நீட்டி, "அதோ அவர்தான்! தோடுடைய செவியன் விடையேறியோர் தூவெண் மதிசூடி"ன்னு பாட ஆரம்பிச்சுட்டான். விரலை நீட்டினது அப்படியே தோணியப்பர் சன்னிதி விமானத்துப் பக்கம். யாரும் சொல்லிக் குடுக்கல, ஆயா கடலூர் மாடியில சொன்னப்ப வானத்தைத்தான் காட்டுவாங்க.

சுத்தி அதுக்குள்ள பத்துப் பதினைஞ்சு பேர் சேர்ந்துட்டாங்க. ஒரு வயசான அம்மா வந்து அவன் கன்னத்தைத் தடவி திருநீறு பூசி விட்டாங்க. ஒரு பையன் மட்டும் போனை நீட்டி "தம்பி இன்னொரு தடவை சொல்லு, வீடியோ எடுக்கிறேன்"ன்னான், நான் வேணாம்ப்பான்னு சொல்லிட்டேன். அது சாமிக்குச் சொன்ன கதை, ஒரு தடவைதான். அத்தை எதுவும் பேசல. அவனை மடியில சாச்சு வச்சுக்கிட்டு, "பால்ல பார்வதி அம்மா ஞானத்தையும் சேர்த்துக் குழைச்சுக் குடுத்தாங்கன்னு சொல்லலையே நீ"ன்னு மட்டும் கேட்டாங்க. "அது உள்ள இருக்கிறது ஆயா, சம்பந்தருக்கே தெரியாதுல்ல"ன்னான். எங்க அத்தைக்குப் பதில் வரல, எனக்கும்தான்.

அதுக்கப்புறம் மேல தோணியப்பர், பெரியநாயகி தரிசனம். அத்தையால படி ஏற முடியாம கீழயே உக்காந்துட்டாங்க. நாங்க சட்டைநாதரையும் பார்க்கணும், அவர் சன்னிதிக்குப் பூ வச்சுக்கிட்டுப் போற வழக்கம் இல்லன்னு பெரியவ தலையில இருந்த மல்லியை எடுத்து ஆயா கையில குடுத்துட்டு ஏறினா. மேல கூட்டம் நெருக்கித் தள்ளுது, வேர்வை ஊத்துது, நிக்க விடல, இருந்தாலும் அவ்ளோ பெரிய உருவத்துல அம்மையும் அப்பனும் ஒண்ணா உக்காந்திருக்கிறதைப் பார்த்த அந்த ஒரு நொடி போதும். நன்றின்னு சொல்லக்கூட வாய் வரல. இறங்கி வந்து நைவேத்யப் பாலை அங்க இருந்த குழந்தைங்களுக்கெல்லாம் சின்னவன் கையாலயே குடுக்க வச்சோம்.

சித்திரைத் திருவாதிரையில திருமுலைப்பால் உற்சவம் இங்க நடக்கும், முடிஞ்சவங்க குழந்தையோட போங்க. இன்னொண்ணும் சொல்லணும், 2023 கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி யாகசாலைக்காக மண்ணு தோண்டினப்ப இந்தக் கோயில்லதான் ஐம்பொன் சிலைகளும் தேவாரம் எழுதின செப்பேடுகளும் கிடைச்சுது. அந்தப் பாட்டு பொறந்த ஊர்லயே மண்ணுக்குள்ள பத்திரமா இருந்திருக்கு, நினைச்சாலே சிலிர்க்குது.

சாயங்காலம் வைத்தீஸ்வரன் கோயில். தையல்நாயகியும் செல்வமுத்துக்குமார சாமியும் நல்ல தரிசனம் குடுத்தாங்க, ஆனா கார் நின்னதுலேர்ந்து நாடி ஜோசியம் நாடி ஜோசியம்னு பின்னாடியே வர்ற புரோக்கர்ங்க தொல்லை தாங்கல. சாமிகிட்ட வந்தவங்களைச் சாமிகிட்ட போக விடுங்கய்யா.

அங்கேர்ந்து பக்கத்துலதான் திருப்புன்கூர். பெரியவளுக்கு இந்த ஊருதான் ஆசை, ஏன்னா நந்தனார் கதை அவளோட கதை. கூட்டமே இல்ல, நிம்மதியா இருந்துச்சு. சிவலோகநாதருக்கு எதிர்ல அவ்ளோ பெரிய நந்தி, நேரா இல்லாம ஒதுங்கி உக்காந்திருக்கு. பெரியவ வாசலுக்கு வெளியவே போய் நின்னுக்கிட்டு, இங்கேர்ந்து தெரியுதான்னு எட்டி எட்டிப் பார்த்தா. பார்த்துட்டு, தம்பிக்குக் கதை சொல்ல ஆரம்பிச்சா. நந்தனார் கோயில் மேளத்துக்குத் தோலும் வாரும் குடுப்பாரு, வீணைக்கும் யாழுக்கும் நரம்பு குடுப்பாரு, பூஜைக்குக் கோரோசனை குடுப்பாருன்னு சொல்லிக்கிட்டே வந்தவ டக்குன்னு நிறுத்தி என்னைப் பார்த்து கேட்டா, "அவர் குடுத்த தோல்ல செஞ்ச மேளம் உள்ள போச்சு, அவர் மட்டும் ஏம்மா உள்ள போகக்கூடாது?"

அத்தை என் முகத்தைப் பார்த்தாங்க. நான் மழுப்பல. ஜாதியைச் சொல்லி விடல, அது தப்பு, மனுஷங்க செஞ்ச தப்பு, சாமி அதை ஒத்துக்காமத்தான், வெளிய நின்ன அவருக்குத் தன்னைத் தெரியணும்னு நந்தியை நகரச் சொன்னாருன்னு சொன்னேன். குழந்தைங்களுக்கு இந்தக் கதையை இனிப்பு தடவிச் சொல்லக் கூடாதுங்கிறது என் எண்ணம், அப்படிச் சொன்னா நந்தி விலகினதுக்கு என்ன அர்த்தம்? அவ தலையாட்டிட்டு மிச்சத்தைச் சொன்னா, பிள்ளையார் கூட இருந்து குளம் வெட்டினது வரைக்கும். தில்லைக்குப் போய் அவரைத் தீக்குள்ள இறங்கச் சொன்னதை மட்டும் சொல்லவே மாட்டேன்னுட்டா. "என் கதையில அவர் இங்கயே நின்னு நல்லா பார்த்தாரு, அவ்ளோதான்"னா. அத்தையும் "சரிடி கண்ணு, அப்படியே இருக்கட்டும்"னுட்டாங்க. பாட்டைக் கொஞ்சம் பிசகினாலே திருத்துற அத்தை!

மறுநாள் திருவாரூர். தியாகேசர் தரிசனம், கமலாலயம், சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடின தேவாசிரிய மண்டபம் எல்லாம் பார்த்தோம், எழுதினா இன்னும் பத்துப் பக்கம் ஆகும். கல்தேர்கிட்டதான் புள்ளைங்க நகரவே இல்ல. மனுநீதிச் சோழன் செஞ்சது சரியா தப்பான்னு ரெண்டும் ஒரே சண்டை. பையன் தெரியாமத்தானே ஏத்தினான்னு பெரியவ, தெரியாம ஏத்தினாலும் பசுவுக்கு வலிக்கும்லன்னு சின்னவன். கடைசியில சாமி வந்து எல்லாரையும் எழுப்பினப்ப யாரு முதல்ல எழுந்தாங்கன்னு ஒரு சண்டை. கன்னுக்குட்டிதான் முதல்லன்னு அவன் ஒரே பிடியா நின்னான், அதுதானே முதல்ல செத்துச்சு, அதோட அம்மாதானே மணி அடிச்சு நியாயம் கேட்டுச்சுங்கிறான். ஆயாவே தீர்ப்பு சொல்லட்டும்னு விட்டுட்டோம், அவங்க கன்னுக்குட்டின்னுதான் சொன்னாங்க.

அடுத்து திங்களூர் போகணுமாம், அப்பூதியடிகள் கதையில பாம்பு வருதுல்ல, அதைச் சின்னவன்தான் சொல்லுவானாம், இப்பவே அக்காகிட்ட சொல்லி வச்சுட்டான். அத்தைக்கு முட்டி வலி கொஞ்சம் குறைஞ்சதும் கிளம்பணும், அப்பர் பெருமான் கூப்பிடணும். சீர்காழி அம்மையே அப்பா, கேட்டதைக் குடுத்தீங்க, கேக்காததையும் குடுத்தீங்க, உங்களுக்குக் கோடி நமஸ்காரம்.