காவலூரில் டெலஸ்கோப் நேரம் வாங்கியபோது

வானியல் ஆராய்ச்சிக்கு வர நினைக்கும் தம்பி, தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "ராத்திரி பூரா முழிச்சிருக்கணுமா?" என்பதுதான். முழித்திருக்கத்தான் வேண்டும். ஆனால் வருடத்தில் அப்படிப்பட்ட இரவுகள் சொற்பம். என் ஆய்வுக் காலத்தில் பெரும்பகுதி நேரம் மேசையில்தான் போனது.

ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. கண்ணாடியின் விட்டம் 2.34 மீட்டர். அதில் நேரம் வேண்டுமென்றால் புரபோசல் எழுதிக் கொடுக்க வேண்டும்; ஒரு குழு படித்துப் பார்த்து இரவுகளை ஒதுக்கும். எந்த விண்மீன்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம், நிலவு வெளிச்சம் இருந்தால் பரவாயில்லையா என்று எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும். பலர் இதை வெறும் விண்ணப்ப வேலையாக நினைக்கிறார்கள். எனக்கு ஆய்வே இங்குதான் தொடங்கியது. மங்கலான விண்மீனில் சிக்னலின் தரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். இந்தக் கணக்கைப் போட்டதுமே என் பட்டியல் பாதியாகச் சுருங்கியது. மிஞ்சியவை ஏன் முக்கியம் என்பதும் விளங்கியது. வாரக்கணக்கில் ஆனாலும் இதற்கு நேரம் கொடுங்கள்.

காவலூரில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் நன்றாக இருக்கும் என்பதால் அந்த மாதங்களுக்குத்தான் போட்டி. இரவு கிடைத்தாலும் ஈரப்பதம் ஏறினால் தொலைநோக்கிக்கு மேலிருக்கும் திறந்து மூடும் கூரையை, அதாவது டோமை, மூடிவிடுவார்கள். போன மணி போனதுதான், மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

அங்கே நான் மிகவும் மதித்தது பொறியாளர்களின் நேரத்தை. நாங்கள் தூங்கும் பகல் அவர்களுடைய வேலை நேரம். கருவியைச் சரிபார்ப்பது, கண்ணாடியைப் பராமரிப்பது, முந்தைய இரவில் எழுந்த கோளாறைத் தேடிப் பிடிப்பது எல்லாம் சூரியன் மறைவதற்குள் முடிய வேண்டும். அதனால் மத்தியான டீக்கே எழுந்து அவர்களோடு உட்கார்ந்து பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். விண்மீன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பதிவு செய்யும் நிறமாலைமானி பற்றி நான் கற்றதில் பெரும்பங்கு அந்த வேளையில் கிடைத்தது. அந்திக்குப் பிறகு ஃபிளாட் (சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம்), பயஸ் (ஒளியே படாமல் எடுக்கும் படம்), அலைநீளத்தை அளக்க உதவும் ஒப்பீட்டு விளக்கின் நிறமாலை என்று எடுத்து முடித்து, இருட்டியதும் விண்மீனுக்குப் போவோம். ஒரு எக்ஸ்போஷர் ஓடும் நேரத்தில் முந்தையதைத் திறந்து பார்த்துவிட வேண்டும். ஊர் திரும்பிய பின் குறை தெரிந்து பயனில்லை.

அதன் பிறகு டேட்டாவைச் சுத்தம் செய்து அளப்பது மாதக்கணக்கில் நீளும். காலை நேரத்தை இதற்கென்றே ஒதுக்கி, மின்னஞ்சல், கூட்டம் எல்லாவற்றையும் மதியத்துக்குத் தள்ளிய பிறகுதான் எனக்கு வேலை நகர்ந்தது.

இது பாதியில் இருக்கும்போதே அடுத்த சுற்றுப் புரபோசலுக்குக் கடைசித் தேதி வந்துவிடும். தள்ளிப் போடாமல் எழுதிவிடுங்கள். முடிந்த பாதியிலிருந்து ஒரு நிறமாலையைச் சேர்த்து அனுப்பினால், நீங்கள் கேட்கும் மணிக்கணக்கு சரிதான் என்று குழுவுக்கே தெரிந்துவிடும்.