அந்த இடத்தின் சத்தத்தை அழிக்காதீர்கள்

தமிழில் குறும்படம் எடுக்கிற பிள்ளைகளுக்கு ஒலி செய்து கொடுப்பது என் வேலை. கொழும்பில் இதை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. விளம்பரம், ஆவணப்படம் என்று வருவதெல்லாம் செய்தால்தான் வெள்ளவத்தையில் வீட்டு வாடகை கட்டலாம். ஆனாலும் குறும்படம் என்றால் எனக்குத் தனி ஆசை. யாரும் கேட்காமல், யாரும் காசு தராமல், சொல்ல ஒரு கதை இருக்கிறது என்பதற்காகவே எடுக்கப்படுகிற படங்கள் அவை.

அப்படி வருகிற படங்களில் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் பார்க்கிறேன். முதல் ஷொட்டில் தொடங்குகிற பின்னணி இசை, பெயர்கள் ஓடி முடியும்வரை நிற்பதில்லை. அம்மா தேத்தண்ணி ஊற்றும்போதும் இசை, மகன் படியேறும்போதும் இசை. ஏன் என்று கேட்டால், "இல்லாட்டி வெறுமையாத் தெரியும் அக்கா" என்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. நாங்கள் எல்லோரும் இளையராஜாவைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் எந்த இடத்தில் வாத்தியங்களை நிறுத்திவிட்டு நடிகரைத் தனியே விட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அதை நாங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

இதை வாயால் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இப்போது எழுதுகிறேன். இந்த விஷயத்தில் எனக்குத் துணை சென்னையும் இல்லை, ஐரோப்பாவும் இல்லை. எங்களைப் போலவே மழையும் புழுக்கமும் பௌத்தமும் யுத்தமும் தணிக்கையும் உள்ள தென்கிழக்காசியாவில், சொந்தக் காலில் நின்று படம் எடுக்கிற சிலர்தான்.

முதலில் தாய்லாந்தின் அபிசாட்போங் வீரசேதகுல். 1970இல் பாங்கொக்கில் பிறந்தவர், வளர்ந்தது வடகிழக்கே கோன் கேனில். தாயும் தகப்பனும் டொக்டர்கள். கட்டடக்கலை படித்த பிறகுதான் சிக்காகோவுக்குப் போய்ச் சினிமா படித்தார். 1999இல் சொந்தமாக ஒரு சிறிய கம்பனியைத் தொடங்கி, பெரிய ஸ்ரூடியோக்களின் தயவில்லாமல் படம் எடுக்கத் தொடங்கினார். 2010இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருது கிடைத்தது. கலைக்கூடங்களுக்காக வீடியோவும் ஒலியும் சேர்ந்த படைப்புகளையும் தொடர்ந்து செய்துவருகிறார்.

அவருடைய படங்களைக் கேட்கும்போது, இவர் கட்டடக்கலை படித்தவர் என்பது எனக்கு நன்றாகவே தெரிகிறது. காட்டுச் சத்தத்தை அவர் காட்சிக்குப் பின்னால் திரைச்சீலை மாதிரித் தொங்கவிடுவதில்லை. பக்கத்தில் ஒரு பூச்சி, தூரத்தில் இன்னொன்று, மேலே இலைகள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு இடம் இருக்கிறது. நாங்கள் அதற்குள் உட்கார்ந்திருக்கிறோம். தயவுசெய்து இவருடைய படங்களைப் போன் ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள், பாதிப் படம் போய்விடும். நல்ல ஹெட்போன் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கியாவது பாருங்கள்.

2002இல் வந்த 'பிளிஸ்ஃபுலி யுவர்ஸ்' படத்தில் பெயர்கள் திரையில் வருவதே ஏறக்குறைய முக்கால் மணித்தியாலம் கழித்துத்தான். கார் காட்டை நோக்கிப் போகிறது, மெல்லிய பாட்டொன்று தொடங்குகிறது, அப்போதுதான் பெயர்கள் வருகின்றன. அந்த இடத்தில் அந்தப் பாட்டைக் கேட்டவுடன் எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. பாட்டு எங்கே வர வேண்டும் என்பதை ஒருவர் எவ்வளவு நேரம் யோசித்திருந்தால் இப்படி வைத்திருப்பார்!

என் மனதுக்கு மிக நெருக்கமானது 2006இல் வந்த 'சின்ட்ரோம்ஸ் அண்ட் எ செஞ்சுரி'. தன் தாய் தகப்பனின் நினைவுகளிலிருந்து அவர் உருவாக்கிய படம் அது. முதல் பாதி கிராமத்து ஆஸ்பத்திரியில், இரண்டாம் பாதி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில். அதில் பாட்டுப் பாடுகிற ஒரு பல் வைத்தியர் வருகிறார். அவரிடம் பல் காட்ட வருகிறவர் ஒரு பௌத்த பிக்கு. அந்தப் பிக்குவுக்கோ ஒரு காலத்தில் டீஜே ஆகும் ஆசை இருந்திருக்கிறது. இருவருக்கும் நடுவில் ஒரு சிநேகம் வளர்கிறது. இதைப் பகிடியாக எடுத்திருக்கலாம். அபிசாட்போங் எடுக்கவில்லை. ஒரு மனுசனுக்குப் பாட்டு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் காட்டுகிறார்.

இரண்டாம் பாதியில், ஆஸ்பத்திரியின் நிலக்கீழ் அறையில் ஒரு குழாய் புகையை உறிஞ்சுகிறது. கமரா மெதுவாக அதன் வாயை நோக்கிப் போகிறது. தாழ்ந்த ஒரு இரைச்சல் மட்டும் கேட்கிறது. கதையில் எதுவும் நடக்கவில்லை, ஆனால் நெஞ்சு இறுகுகிறது. பிறகு சட்டென்று வெயில், பூங்கா, துள்ளலான பாட்டு, கூட்டமாக உடற்பயிற்சி செய்கிற சனங்கள். அந்த இரைச்சலுக்கு மேல் ஒரு வயலினைப் போட்டிருந்தால் இந்தப் பாட்டுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

இந்தப் படத்தைத் தாய்லாந்துத் தணிக்கைக்காரர் சும்மா விடவில்லை. 2007இல் நான்கு காட்சிகளை வெட்டச் சொன்னார்கள். பிக்கு கிற்றார் வாசிப்பது, பிக்குமார் பறக்கும் விளையாட்டுப் பொருளொன்றை வைத்து விளையாடுவது, டொக்டர்மார் ஆஸ்பத்திரிக்குள் மது அருந்துவது, ஒரு டொக்டர் தன் காதலியை முத்தமிடுவது. அவர் மறுத்து, படத்தை வெளியிடாமல் நிறுத்தினார். பின்னர் வெட்டச் சொன்ன காட்சிகளின் எண்ணிக்கை இன்னும் கூடியது. 2008இல் பாங்கொக்கில் சிறிய அளவில் திரையிட்டபோது, வெட்டிய இடங்களில் எல்லாம் கீறல் விழுந்த கறுப்புப் பிலிமை, எந்தச் சத்தமும் இல்லாமல், ஓட விட்டார்.

அந்தத் தியேட்டரில் இருந்து பார்த்தவர்களை நினைக்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. கிற்றார் கேட்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே கேட்காது. அந்த ஒன்றுமில்லாததைக் காதால் கேட்டு, இங்கே எதையோ பிடுங்கிவிட்டார்கள் என்று ஒவ்வொருவரும் தெரிந்துகொண்டிருப்பார்கள். கொழும்பில் இருக்கிற எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' படம் 2000இல் தடுக்கப்பட்டு, உயர் நீதிமன்றம்வரை போன பிறகுதான் தியேட்டருக்கு வந்தது.

2021இல் வந்த அபிசாட்போங்கின் 'மெமோரியா'வில் ஒரு காட்சி இருக்கிறது. ஒலி வேலை செய்கிற எவரும் அதைப் பார்த்தால் மறக்க மாட்டார்கள். படத்தை எடுத்தது கொலம்பியாவில். டில்டா ஸ்வின்டன் நடிக்கிற பெண்ணுக்கு மட்டும் திடீர் திடீரென்று ஒரு பெரிய சத்தம் கேட்கிறது, வேறு யாருக்கும் கேட்பதில்லை. இயக்குநருக்கே தலைக்குள் வெடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்கிற தொல்லை இருந்தது, அதிலிருந்து பிறந்த கதை. அந்தப் பெண் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வருகிறாள். ஒரு இளைஞன் மேசையில் இருக்கிறான். அவளுக்குக் கேட்ட சத்தத்தை அவன் செய்துகாட்ட வேண்டும். பெரிய கொங்கிரீட் உருண்டையொன்று உலோகக் கிணற்றுக்குள் விழுவது மாதிரி, சுற்றிவரக் கடல் தண்ணி, என்று அவள் விளக்குகிறாள். அவன் சினிமாவுக்கான ஒலிகளிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக் காட்டுகிறான். அவள் இல்லை என்கிறாள். மாற்றுகிறான். கொஞ்சம் கிட்ட வருகிறது. திரும்ப மாற்றுகிறான். முகத்தில் வெளிச்சம் மாறுவதைத் தவிர வேறொன்றும் அங்கே நடப்பதில்லை. நான் மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மேசைக்கு முன்னால் தினமும் நடப்பது அதுதான். "அக்கா, கொஞ்சம் சோகமான மழையாப் போடுங்கோ" என்று வந்து நிற்பார்கள். நான் எந்த மழை என்று கேட்பேன். தகரத்தில் விழுகிற மழையா, மாமர இலையிலா, காலிக்குப் போகிற வீதியில் பஸ் சில்லுக்கடியில் தெறிக்கிற மழையா? அப்படிக் கேட்டவுடன் அவர்கள் கண்ணை மூடி யோசிப்பார்கள். சோகம் என்ற சொல் போய்விடும், ஒரு வீடு வந்துவிடும்.

சரி, இசையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். இந்தோனேசியாவின் கரின் நுக்ரோஹோ 2006இல் எடுத்த 'ஒபேரா ஜாவா' முழுக்க முழுக்கப் பாட்டும் ஆட்டமும் கமெலான் என்கிற ஜாவா வாத்தியக் குழு இசையும்தான். ராமாயணம் ஒரு ஜாவா ஊருக்குள் இறங்குகிறது. ராமன் இடத்தில் மண்பாண்டம் செய்கிறவன், ராவணன் இடத்தில் இறைச்சிக்கடைக்காரன், நடுவில் முன்பு நடனமாடிய ஒரு பெண். இலங்கையில் இருந்து ராமாயணம் கேட்கிற எங்களுக்கு அந்த இறைச்சிக்கடைக்காரன் பாடும்போது காது இன்னும் கொஞ்சம் விரியும். பிலிப்பைன்ஸின் லாவ் டியஸோ 2018இல் எடுத்த 'சீசன் ஒஃப் தி டெவில்' படத்தில் வாத்தியமே வைக்கவில்லை. சர்வாதிகாரி மார்க்கோஸின் இராணுவச் சட்டக் காலத்தில் ஆயுதக் குழு ஒன்றின் பிடியில் இருக்கிற கிராமம். ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் வெறும் குரலில் பாடுகிறார்கள். கொல்லுகிறவர்களும் பாடுகிறார்கள். இந்த இரண்டு படங்களிலும் இசை காட்சிக்கு மேல் பூசிய வர்ணம் இல்லை. பாட்டை எடுத்தால் படமே இல்லை.

மலேசியாவின் யஸ்மின் அஹமத்தைப் பற்றித் தமிழர் நாங்கள் இன்னும் நிறையக் கதைக்க வேண்டும். 2009இல், அவர் இறந்த அதே வருடம், 'டேலன்டைம்' வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டி நடக்கிறது. மெலூர் என்கிற பிள்ளை பியானோ வாசித்துப் பாடுவாள். ஒத்திகைக்கு அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்குகிற பொறுப்பு மகேஷ் என்ற பையனுக்கு. அவள் பேசுகிறாள், அவன் பதில் சொல்வதே இல்லை. அவளுக்குக் கோபம் வருகிறது. பிறகுதான் தெரிகிறது, அவனுக்குக் காது கேட்காது. ஒரு இசைப்படத்தின் நடுவில், அந்த இசையைக் கேட்க முடியாத ஒரு பையன். அவள் பாடும்போது அவன் பார்க்கிற பார்வையில் எங்கள் காதைப் பற்றியே எங்களுக்கு வெட்கமாகிறது. இவ்வளவையும் கேட்டும் ஒன்றையும் கவனிக்காமல் இருக்கிறோமே என்று.

அதே படத்தில் மகேஷின் மாமா கொல்லப்படுகிறார். ஒரு வீட்டில் கல்யாணக் கொண்டாட்டம், பக்கத்து வீட்டில் சாவு. இந்த வீட்டுச் சத்தம் அந்த வீட்டுக்கு அவமதிப்பாகப் படுகிறது. நான் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் எழும்பி நடந்தேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் செத்தவீடு என்றால் மற்ற வீடுகளில் பாட்டு நின்றுவிடும். யாரும் சொல்லத் தேவையில்லை. கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கிற நகரம் இது. சத்தத்தை வைத்துத்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் மதிக்கிறோம், சண்டையும் பிடிக்கிறோம். இதை வைத்து ஒரு தமிழ்ப் படம் ஏன் இன்னும் வரவில்லை?

இப்போது என் கையில் இருக்கிற குறும்படத்துக்கு வருகிறேன். வெள்ளவத்தையில் ஒரு மாடிவீடு. வெளிநாட்டில் இருக்கிற மகனின் அழைப்புக்காக ஒரு தாய் காத்திருக்கிறாள். படத்தை எடுத்த தம்பி என்னிடம் கொண்டுவந்த பதிப்பில் தொடக்கம் முதல் முடிவுவரை கீபோர்ட். அந்த ட்ராக்கை மட்டும் நிறுத்திவிட்டு அவருக்குக் கேட்கப் போட்டேன். கீழே பாண் விற்கிற ஓட்டோ பீத்தோவனின் மெட்டை ஒலித்தபடி வருகிறது. குக்கர் விசில். பக்கத்து வீட்டுச் சீரியல். கரையோர ரயில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிறது, அது போன பிறகுதான் கடல் இருப்பதே காதுக்குத் தெரிகிறது. தாய் போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறாள். போன் கண்ணாடி மேசையில் படுகிற அந்தச் சிறிய 'டக்'. எல்லாம் அவருடைய சொந்த ஒலிப்பதிவில் இருந்தது. நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

தம்பி கேட்டுவிட்டு, "சனம் அலுத்துப் போய் எழும்பிடும் அக்கா" என்றார். எழும்ப மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன். இரண்டு விதமாகவும் மிக்ஸ் செய்து கொடுத்திருக்கிறேன். முடிவு அவருடையது, அவர் இன்னும் சொல்லவில்லை.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தளையில் இருந்த விஜயா சினிமா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. படச்சுருள்களும் போயின. இந்த ஊரில் தமிழர் எப்படிக் கதைத்தார்கள், அவர்கள் கதைக்கும்போது பின்னால் என்ன கேட்டது என்பதற்கு எங்களிடம் மிச்சமிருப்பது மிகக் கொஞ்சம். இப்போது ஒருவர் கமராவோடு வெள்ளவத்தைக்குப் போய், அங்கே பதிந்த சத்தத்தை அழித்துவிட்டு இணையத்தில் வாங்கிய இசையைப் போடும்போது எனக்கு வலிக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். தொலைபேசிக் கட்டணம் கட்டுப்படியாகாத காலத்தில் எங்கள் வீடுகளில் கசற்றில் குரல் பதிந்து லண்டனுக்கும் கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பினார்கள். கனடாவில் இருந்து பெரியம்மா அப்படி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அம்மம்மா நலம் விசாரிக்கிறார், பின்னால் இலங்கை வானொலி போகிறது, சைக்கிளில் மீன்காரர் கூவிக்கொண்டு வருகிறார், அம்மம்மா பேச்சை இடையில் விட்டுவிட்டு "என்ன மீன்?" என்று கேட்கிறார். உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஏதாவது இருந்தால் எறிந்துவிடாதீர்கள். வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருந்தால் பழைய பிளேயரில் போட்டுப் பார்க்க வேண்டாம், நாடா அறுந்துவிடும். ஈரம் படாத பெட்டியில் வைத்து, ஒலி வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் தந்தால் காசு வாங்காமல் செய்து தருவேன். பிரதி எடுக்கும்போது இரைச்சல் என்று எதையும் அகற்றச் சொல்லாதீர்கள், மீன்காரர் அதற்குள்தான் இருப்பார்.