சென்னையைப் பார்க்கத் தையும் மாசியும்

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உறவினர்கள் சென்னைக்கு எப்போது வந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்கும்போது, பெரும்பாலானோர் யோசிக்காமல் சொல்லும் விடை டிசம்பர். வெயில் இருக்காது, மார்கழிக் கச்சேரிகள் இருக்கும், பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறையும் சேர்ந்து வரும் என்று காரணங்களை அடுக்குவார்கள். இந்த ஊரிலேயே வாழ்ந்து, எல்லாப் பருவங்களிலும் விருந்தினரை அழைத்துக்கொண்டு சுற்றியவன் என்ற முறையில், எனக்கு அந்த விடையில் உடன்பாடு இல்லை. கச்சேரி கேட்பதற்கென்றே வருகிறவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் நான் சொல்வது தையும் மாசியும்தான். பொங்கல் கழிந்து சில நாள்கள் சென்றபின் தொடங்கி மார்ச் முதல் வாரங்கள் வரை நீளும் அந்தக் காலத்தில்தான் இந்த நகரம் காலையிலும் மாலையிலும் நடந்து பார்க்கும்படியாக இருக்கிறது.

சென்னையின் பருவத்தைப் புரிந்துகொள்ள முதலில் அதன் மழையைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவின் பெரும்பகுதிக்கு மழை தரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடுவதால், சென்னை தன் மழைக்கு முக்கியமாக வடகிழக்குப் பருவத்தையே நம்பியிருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்யும் மழையில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் பிற்பகுதியிலிருந்து டிசம்பருக்குள் வந்து சேர்கிறது. அதுவும் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்யும் மழை அன்று. வங்காள விரிகுடாவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகிக் கரையை நெருங்கும்போது இரண்டு மூன்று நாள்கள் விடாமல் கொட்டும். பிறகு ஒரு வாரம் வானம் தெளிந்திருக்கும். ஆகவே நவம்பரில் வருகிறவருக்கு அருமையான வெளிச்சமும் குளிர்ந்த காற்றும் கிடைக்கலாம், அல்லது விடுதி அறையை விட்டு வெளியே கால் வைக்கவே முடியாமலும் போகலாம்.

டிசம்பர் முதல் பாதியில் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் சேர்ந்து அடையாறு கரைபுரண்டு ஓடியது. விமான நிலையத்தின் ஓடுதளமே நீரில் மூழ்கிப் பல நாள்கள் மூடப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்து, சாலைகளுக்கு நிழல் தந்த மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்துவிட்டுப் போனது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தண்ணீர் வடியப் பல நாள்கள் ஆயின. எல்லா ஆண்டும் இப்படி நடப்பதில்லை. ஆனால் ஒரு முறை பார்க்க வருகிறவர், அதுவும் வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்து வருகிறவர், இந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டு வர வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது?

இசைக்காக வருகிறவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு மார்கழியை விட்டால் வேறு காலமே இல்லை. 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக உருவான மியூசிக் அகாடமியில் டிசம்பர் நடுப்பகுதியில் தொடங்கும் விழா ஜனவரி முதல் தேதி வரை நடக்கும்; அதன்பின் அங்கேயே நாட்டிய விழா தொடங்கிவிடும். நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, 1900ஆம் ஆண்டு முதல் இயங்கும் பார்த்தசாரதி சுவாமி சபா என்று மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகர் வரை காலை தொடங்கி இரவு வரை எங்காவது ஒரு தம்பூரா ஒலித்துக்கொண்டே இருக்கும். மூத்த வித்வான்களின் மாலைக் கச்சேரிக்கு மட்டும் முன்கூட்டியே சீட்டு வாங்குங்கள். பகலில் பாடும் இளைஞர்களின் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம், கூட்டமும் குறைவு. நான் மனம் நிறைந்து கேட்ட தோடியும் பைரவியும் பெரும்பாலும் அந்தப் பாதி காலியான அரங்குகளில் கேட்டவைதான். விடியற்காலையில் மயிலாப்பூர் மாடவீதிகளில் பஜனை கோஷ்டி பாடிக்கொண்டு போவதையும், கச்சேரி முடிந்து சபா கேண்டீனில் இலையில் சாப்பிடுவதையும் விட்டுவிட வேண்டாம். வருவதாக இருந்தால் டிசம்பர் 18, 20 தேதிகளுக்குப் பிறகு வாருங்கள். அதற்குள் மழையின் வேகம் பெரும்பாலும் தணிந்திருக்கும்.

இனி, எனக்குப் பிடித்த பருவத்துக்கு வருகிறேன். தை பிறந்த பிறகு சென்னையில் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியும், விடியற்காலையில் 21 டிகிரி அளவிலும் இருக்கும். உள்ளூர்க்காரர்கள் குல்லாவும் மப்ளருமாக நடைப்பயிற்சிக்கு வருவார்கள். வடக்கிலிருந்து வரும் நண்பர்களுக்கு அது வியப்பாக இருக்கும். மழை நின்றுவிட்டிருக்கும், ஆனால் மழை தந்த பசுமையும் நீரும் அப்படியே இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்திருப்பது ஆண்டில் இந்தச் சில வாரங்களில் மட்டும்தான். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் குளத்தைப் பாருங்கள். மழை பொய்த்த ஆண்டுகளின் கோடையில் அது வற்றிக் கிடந்ததும் உண்டு; நல்ல மழை பெய்த ஆண்டில் தைப்பூசத்தன்று படிக்கட்டுகளில் பாதிக்கு மேல் நீரில் மூழ்கியிருக்கும். விளக்குகளால் அலங்கரித்த தெப்பம் முதல் நாள் கபாலீஸ்வரரையும், அடுத்த இரண்டு நாள்கள் சிங்காரவேலரையும் ஏற்றிக்கொண்டு நாதஸ்வரத்தோடு மெல்லச் சுற்றி வரும். கோபுரத்தின் நிழல் தண்ணீரில் விழுந்து, தெப்பம் கடக்கும்போது கலைந்து, மறுபடி கூடுவதைப் படிகளில் உட்கார்ந்து பார்க்கலாம். இடம் பிடிக்க மாலை ஆறு மணிக்கே போய்விட வேண்டும். மாசியில் திருவல்லிக்கேணியிலும் தெப்பத் திருவிழா உண்டு.

நகரத்தை நடந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இதுதான் காலம். ஜார்ஜ் டவுனின் சந்துகளில் வண்டியில் போய் ஒன்றையும் பார்க்க முடியாது. பூக்கடை, கந்தகோட்டம், அர்மீனியன் தெருவில் உள்ள பழைய தேவாலயம், பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தின் செங்கல் கட்டடம் ஆகியவற்றை ஒரே காலையில் நடந்தே பார்த்துவிடலாம். பிப்ரவரியில் பதினொரு மணி வரை தாராளமாக நடக்க முடிகிற அந்தப் பாதையில் ஏப்ரலில் ஒன்பது மணிக்கே தலை சுற்றும்.

பறவைகளும் இந்தக் காலத்தில்தான் இருக்கின்றன. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சாலையோரம் நின்றபடியே பூநாரைகளைப் பார்க்க வாய்ப்புண்டு. நகரத்திலிருந்து 75 கிலோமீட்டர் அளவில் உள்ள வேடந்தாங்கலில் கூழைக்கடாக்களும் நத்தை குத்தி நாரைகளும் கூடு கட்டிக் குஞ்சுகளுக்கு இரை ஊட்டிக்கொண்டிருக்கும். அந்த ஏரியில் நீர் இருந்தால்தான் பறவைகள் தங்கும் என்பதால், புறப்படுமுன் அந்த ஆண்டு மழை எப்படி இருந்தது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அதைவிட எனக்கு நெருக்கமானது கடலாமைகளைத் தேடிப் போகும் இரவு நடை. ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் முட்டையிடச் சென்னைக் கரைக்கு வருகின்றன. மாணவர்கள் 1988இல் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், நள்ளிரவை ஒட்டி நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து, முட்டைகளைக் கண்டெடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டு சேர்க்கிறார்கள். வார இறுதிகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். ஆமை ஏறிவந்த தடம் மணலில் டிராக்டர் சக்கரம் பதிந்ததுபோல் இருக்கும். தடம் முடியும் இடத்தில் கைவிட்டு மெல்லத் தோண்டினால், பிங்பாங் பந்து அளவில் வெள்ளை முட்டைகள் நூற்றுக்கும் மேல் இருக்கும். விளக்கு அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. தூக்கம் கெடும்தான், பெரிய பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள்.

புத்தகக் காட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் பொங்கலை ஒட்டிய நாள்களே வழக்கம் என்றாலும், தேதி நிலையானதன்று. 2025க்கான காட்சி முந்தைய டிசம்பர் 27 அன்றே தொடங்கி ஜனவரி 12 அன்று முடிந்துவிட்டது. அதற்காகவே வருகிறவர்கள் அறிவிப்பு வந்தபின் சீட்டு எடுப்பதே நல்லது.

பொங்கல் நாள்களிலேயே வரலாமா என்றால், வேண்டாம் என்பேன். அந்த நாள்களில் நகரத்தில் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போய்விடுவதால் சாலைகள் வெறிச்சோடி அழகாக இருக்கும், ஆனால் நல்ல சிறிய உணவகங்களும் மெஸ்களும் பூட்டிக் கிடக்கும். போகியன்று பழையன எரிக்கும் புகை பனியோடு கலந்து கண்ணை மறைக்கும். 2018 போகியன்று விமானங்களே தரையிறங்க முடியாமல் திருப்பி விடப்பட்டன. காணும் பொங்கலன்று மெரினாவில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தையே பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வரட்டும். கடலைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு வாரம் பொறுத்து வரட்டும்.

மாசிக்குப் பிறகு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் மாலையில் அறுபத்துமூன்று நாயன்மார்களும் மயிலாப்பூர் மாடவீதிகளில் பவனி வருவார்கள். வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், நெரிசலும் கடுமையாக இருக்கும். ஆனாலும் தெருவெங்கும் பந்தல் போட்டு வந்தவர்க்கெல்லாம் நீர்மோரும் பானகமும் சாப்பாடும் கொடுக்கும் அந்த நாளைப் பார்த்தவர்கள் வெயிலைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

சித்திரை, வைகாசியில் வரும் வெப்பம் கடற்காற்றைப் பொறுத்தது. மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று வலுவாக இருந்தால் கடற்காற்று உள்ளே நுழையத் தாமதமாகும். நண்பகலுக்குள் அது வந்துவிட்டால் தப்பித்தோம், பிற்பகல் இரண்டு மணியைத் தாண்டினால் வெப்பம் 40 டிகிரியைக் கடந்துவிடும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று. மழை பொய்த்த ஆண்டுக்கு அடுத்த கோடை இன்னும் கடுமை. 2019 ஜூனில் நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், நல்ல வஞ்சிரமும் வவ்வாலும் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும்.

ஆடியிலிருந்து புரட்டாசி வரை நடுவாந்தரம். பகலெல்லாம் புழுங்கி, சில நாள்களில் மாலையில் இடியோடு ஒரு மழை பெய்து ஊரைக் குளிர்விக்கும். அதை நம்பி, செப்டம்பரில் குளிர்ந்துவிடும் என்று எண்ணி வருகிறவர்கள், 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் சமனில் முடிந்த டெஸ்ட் போட்டியை நினைத்துக்கொள்ள வேண்டும். இருநூறு ஓட்டங்களைக் கடந்து ஆடிய ஆஸ்திரேலிய வீரர் டீன் ஜோன்ஸ் வெப்பத்தாலும் புழுக்கத்தாலும் ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்து, பிறகு மருத்துவமனையில் சலைன் ஏற்றிக்கொள்ளும்படி ஆயிற்று. சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் என்று ஜனவரியில் ஆடிய அந்தக் கால வழக்கம் எவ்வளவு பொருத்தமானது என்று அப்போது தோன்றும்.

"எல்லாம் சரிப்பா, பிள்ளைகளுக்கு மே மாசம்தானே லீவு" என்று திருநெல்வேலியில் இருக்கும் என் அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான். மே மாதம்தான் முடியும் என்றால், நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். சூரிய உதயத்துக்கு முன்பே எலியட்ஸ் கடற்கரைக்குப் போய், எட்டு மணிக்குள் சிற்றுண்டியை முடித்துத் திரும்பிவிடலாம். பகலில் எழும்பூர் அருங்காட்சியகம் போதும். வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. அங்குள்ள வெண்கலச் சிலைகளின் கூடத்தில் சோழர் காலத்து நடராசர் முன் பிள்ளைகளை நிதானமாக நிறுத்திக் காட்டலாம். மறுபடி ஐந்து மணிக்கு மேல் வெளியே போகலாம். தெருமுனையில் நுங்கும், சந்தையில் பங்கனப்பள்ளியும் இமாம் பசந்தும் அந்தக் காலத்தில்தான் கிடைக்கும் என்பதும் பிள்ளைகளுக்கு ஒரு லாபம்.

தையில் வர முடிவு செய்கிறவர்கள் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். மார்கழியில் தள்ளிவைத்த கல்யாணங்களெல்லாம் தை பிறந்ததும் தொடங்கிவிடுவதால், முகூர்த்த நாள்களில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் விடுதி அறை கிடைப்பது கடினம். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு அறையைப் பதிவு செய்யுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. தென்மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள், காணும் பொங்கலுக்கு அடுத்து வரும் ஞாயிறு இரவு ரயில்களைத் தவிர்த்துவிட்டு, அந்த ஞாயிறுக்குப் பிறகு வரும் புதன் அல்லது வியாழனுக்குச் சீட்டு எடுத்தால், ஊர் திரும்புகிறவர்களின் நெருக்கடி இல்லாமல் வந்து சேரலாம்.